சுவரைத் துளைத்துப் போன புகைபோக்கி

நான் கெட்டவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஆனால் எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில் கிளென் ஈடன் என்ற ஊரில் வாங்கிய பலகை வீட்டில் நான் செய்ததை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த வீடு ஈரத்தில் ஊறிக் கிடந்தது. காலையில் போர்வையே நனைந்த மாதிரி இருக்கும். ஹீட்டர் கால்களை மட்டும் சுட்டது, முதுகை விட்டுவிட்டது. ஆகவே விறகு அடுப்பு ஒன்றை வாங்கி வந்தேன். வாங்கியவன் நான், பொருத்தத் தெரிந்தவன் என் மனைவியின் தம்பி.

அவன் யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசன இலாகாவில் படம் வரைபவனாக இருந்தவன். கலவரத்துக்குப் பிறகு விசிட்டர் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருந்தான். அவன் மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். அங்கே அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. விசாவை நீட்டிக்க, அவனுக்கு நாங்கள்தான் பொறுப்பு என்று நான் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மாத முடிவில் அவன் விமானம் ஏற வேண்டியதுதான். கடிதத்தை அவனே எழுதி என் மேசையில் வைத்திருந்தான். நான் "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவனைக் காக்க வைப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. என் மனைவி எதற்கெடுத்தாலும் "தம்பியைக் கேளுங்கோ" என்பாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். என் வளைக்குள் எனக்கே மதிப்பில்லை.

கூரையை வெட்டினால் ஒழுகும் என்று நான் அடம்பிடித்ததால், புகைபோக்கியைச் சுவர் வழியாக வெளியே எடுப்பதென்று முடிவானது. அவன் மூன்று நாள் அளந்தான். சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்களைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தான். அவற்றில் படாமல் பலகையில் ஓட்டை வெட்டி, அகலமான ஒரு குழாயைச் செருகினான். அதற்குள்ளே, எங்கும் முட்டாமல், புகை போகும் எவர்சில்வர் குழாயை நுழைத்தான். வெளியே அதைச் சுவரோடு பட்டி வைத்து இறுக்கி, கூரைக்கு மேலே கொண்டுபோய்த் தொப்பி போட்டான். நான் கீழே ஏணியைப் பிடித்தபடி, "உங்கட இலாகாவில குளத்தையும் இப்பிடித்தான் அளக்கிறனீங்களோ? அதுக்குள்ள தண்ணி வத்திப் போயிருக்குமே" என்றேன். அவன் சிரித்தான். அவன் கோபப்படாதது எனக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டு குழாய்க்கும் நடுவில வெறும் காத்துத்தான் இருக்கவேணும், அத்தான். ஒண்டும் வைக்கக் கூடாது."

"குளிர் காத்து உள்ள வாறதுக்கோ அடுப்பு வைக்கிறம்?"

"கொஞ்சம் வரத்தான் செய்யும். அடுப்பு சூடு பிடிச்சாத் தெரியாது."

அடுத்த நாள் ஞாயிறு. புது வீட்டில் பால் காய்ச்சுவது போல முதல் நெருப்பிலும் பால் காய்ச்ச வேண்டும் என்று மனைவி நாலு குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தாள். அவன் பால் வாங்க டெய்ரி என்கிற தெருமுனைக் கடைக்குப் போன நேரம், நான் பின்வளவில் இருந்து பழைய அரிசிச் சாக்கு ஒன்றை வெட்டி எடுத்து வந்தேன். சுவரில் குழாயைச் சுற்றியிருந்த தகட்டைக் கழற்றி, சாக்கை இரண்டு குழாய்க்கும் நடுவில் குச்சியால் திணித்து, தகட்டைத் திரும்பப் பூட்டினேன். குளிர் காற்று நின்றது. படித்தவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறது என்று என் உச்சி குளிர்ந்து போனது.

பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துச் சற்று நேரத்தில் கருகல் நாற்றம் வந்தது. தகட்டின் ஓரத்தில் புகை, பிறகு சுவர்ப் பெயின்ட் பழுத்துக் கொப்புளித்தது. வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவன் வெறுங்கையால் தகட்டைப் பிடுங்கி வாளித் தண்ணீரை ஊற்றினான். தண்ணீரோடு கறுத்த சாக்குத் துண்டுகள் விழுந்தன. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் துண்டுகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவற்றைக் காலால் அடுப்பின் அடியில் தள்ளிவிட்டான்.

நான் வெளியே போய் எல்லோருக்கும் கேட்க, "படிச்சவன் எண்டு நம்பினன். வீட்டையே கொளுத்தப் பாத்திட்டான்" என்றேன்.

வந்திருந்த ஒரு பெண் என் மனைவியிடம், "குறை நினையாதையுங்கோ, தம்பி வந்த கால் சரியில்லைப் போல. பால் காய்ச்சின அண்டைக்கே நெருப்பு" என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது எனக்கு. "ஓம், அவன் கால் வைச்ச நாளில இருந்தே இப்பிடித்தான்" என்றேன். அவன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளங்கை வெந்திருந்தது.

அடுத்த நாள் துணி சுற்றிய கையோடு கருகிய பலகையை மாற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினான். "இனிப் பயமில்லை, அத்தான்" என்றான். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் என் மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவான். ஒருநாள் என்னைத் திட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். என் குற்றம் தெரிந்த ஒருவன் என் வீட்டிலேயே எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. "ராசியில்லாதவனுக்கு நான் பொறுப்பு நிக்க ஏலாது" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வாதாடவில்லை. மாதம் முடிந்தது.

அவனை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வரும் வழியில்தான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நீங்கள் சாக்கு வெட்டேக்கை நான் குசினி யன்னலுக்கால பாத்தனான். என்னத்துக்கெண்டு அப்ப விளங்கேல்லை."

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன். "பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அவன்தான் சொல்ல வேண்டாமெண்டவன். அத்தான் வெக்கப்பட்டா கையெழுத்துப் போடமாட்டாரெண்டு." அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நாங்கள் சொல்லாமல் இருந்தும் நீங்கள் போடேல்லை."