பந்தயக் காரின் பக்கத்து இருக்கை

மாமனாரின் புதுக் காருக்கு வந்த எண்ணின் நான்கு இலக்கங்களையும் கூட்டினால் பதினேழு. அதையும் கூட்டினால் எட்டு. எண் எழுதிய சீட்டை வாங்கிப் பார்த்து அவர் கவுன்டர் முன் நின்று வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போன மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். அவர்கள் எதற்கும் பயப்படமாட்டார்கள், எட்டைத் தவிர. வரிசைப்படி எண் கொடுத்தால் ஒன்பது வண்டிக்கு ஒரு முறை எட்டு வந்தே தீரும். அது கணக்கு, சனி பகவானுக்கு அதில் பங்கில்லை. ஆனால் அந்த முறை நெருங்கும்போது முன்னால் நிற்பவருக்குத் திடீரென்று பெருந்தன்மை பொங்கும். "நீங்க போங்க சார், எனக்கு அவசரமில்ல" என்று வழிவிடுவார். அடுத்தவரும் அதே குணவானாக இருப்பார். நான் அங்கே மோட்டார் வாகன ஆய்வாளர். விண்ணப்பத்தை மதியத்துக்கு மேல் கொடுக்கலாமே என்று மாமனாரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அதில் விதிமீறல் எதுவுமில்லை. எப்போது கொடுப்பது என்பது விண்ணப்பதாரரின் உரிமை. அவரோ டெலிபோன் இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு போனுக்கு ஊரே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் அந்த வரிசையைக் காவல் காத்தவர். "வரிசைன்னா வரிசை மாப்பிள்ளை. எனக்கு மட்டும் என்ன தனி வரிசை?" என்றார்.

கார் ஓர் இத்தாலியக் கம்பெனியுடையது. சின்ன வண்டிதான், ஆனால் அதன் பூர்வீகத்தை அவர் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்பது வண்டியா ராஜவம்சமா என்ற சந்தேகம் வரும். பிரிகேட் ரோடு பழைய புத்தகக் கடைகளில் வாங்கிச் சேர்த்த வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளே அவருடைய புராணங்கள். சிசிலித் தீவின் மலைப் பாதைகளில் புழுதி பறக்க நடந்த பந்தயங்கள், இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை என்று நாட்டுக்கு நாடு வண்டிக்கு ஒதுக்கிய நிறங்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பந்தயங்களில் வென்ற பல வண்டிகள் வேறு கம்பெனியுடையவை என்று நான் ஒருமுறை ஆட்சேபித்தேன். "அந்தக் கம்பெனியத்தான் இவன் பிற்பாடு வாங்கிட்டானே! வண்டிய வாங்கினா ரிக்கார்டும் சேர்ந்து வராதா?" என்று என் தொழிலைக் கொண்டே என்னை மடக்கினார். உரிமை மாற்றத்தில் அப்படித்தான் வரும்.

அந்தக் காலத்துப் பந்தயக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். எண்ணெய் அழுத்தம் பார்ப்பார், டயரைக் கவனிப்பார், பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்வார். மாமனாருக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான். தன் பக்கத்து இருக்கைக்கு மாமியாரை அவர் மனதில் எப்போதோ நியமித்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் மாமியார். முழங்கால் தேய்ந்ததும் அதில் ஏற முடியாமல் போயிற்று. வெளியே போவதே நின்றுபோனது. கார் வாங்கியதே அவருக்காகத்தான். அவரோ எண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "நான் வரல" என்று சொல்லிவிட்டார். காக்ஸ் டவுன் வீட்டு வாசலிலிருந்து அந்தச் சிவப்புக் கார் வாரக்கணக்கில் ஒரே ஆளைச் சுமந்து போய் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவியும் போயிருந்தபோது, மாமனார் வாதாடித் தீர்ப்பது என்று இறங்கினார். இந்த மாதிரிப் பயம் எல்லா ஊரிலும் உண்டு என்று நிரூபிக்க, தன் கட்சிக்கே எதிரான சாட்சியைக் கூண்டில் ஏற்றினார். இத்தாலியில் ஓர் ஓட்டுநர் தன் வண்டியில் ராசிக்காக நான்கு இலைச் சின்னம் வரைந்துகொண்டு பெரிய பந்தயத்தில் வென்றார்; அடுத்து ஒரு வண்டியை அந்தச் சின்னம் இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது விபத்தில் இறந்தார்; அந்த வண்டியின் எண் பதினேழு.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "பதினேழு. கூட்டினா என்ன வருது?"

மாமனார் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

"பக்கத்துல ஒருத்தன் உக்காருவான்னு சொன்னீங்களே, அவன் என்ன ஆனான்?" என்றார் மாமியார்.

"அவன் பொழைச்சிட்டான்!" மாமனாருக்கு உயிர் வந்தது. "பாத்தியா? பக்கத்து சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"அதான் வேணாங்கறேன். நீங்க போயி, நான் மட்டும் பொழைச்சு என்ன பண்றது?" கத்தியைக் கீழே வைத்தார். "நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

என் மனைவி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாமியார் ஜீவனஹள்ளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். முழங்கால் கிளட்ச்சுக்கு ஒத்துழைத்தது. மாடிப்படிக்குத்தான் ஒத்துழைக்காது என்று விளக்கம் சொன்னார். சொந்த மாமியாரை நான் சோதிப்பது முறையல்ல என்பதால் சக ஆய்வாளர் சோதித்தார். முதல் முறை தோல்வி. "ஏன் சார் ஃபெயில் பண்ணீங்க?" என்று கேட்டேன். "ரோட்ல ஸ்வல்ப, கொஞ்சமாவது பயம் இருக்கணும் சார். உங்க மாமியாருக்கு அது சுத்தமா இல்ல" என்றார். இரண்டாம் முறை பயந்த மாதிரி நடித்துத் தேறினார்.

அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள் அவர்கள் ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டி வரை போய்த் திரும்பினார்கள். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து வெப்பமானி முள்ளைப் பார்த்து, "லெஃப்ட்ல ஆட்டோ, லெஃப்ட்ல ஆட்டோ" என்று அறிவிப்பார். "மெக்கானிக்கு வாயத் தொறக்கக் கூடாது" என்பார் மாமியார். இருவருமே அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பல ஆண்டுகள் கழித்து மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தபோது மாமியார்தான் ஓட்டிப் போனார். தொம்மலூர் சிக்னலில் வண்டி நின்றபோதுகூட மாமனார் வெப்பமானி முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை.

அப்போது நான் ஓய்வுபெற்றிருந்தேன். இருந்தாலும் காரை மாமியார் பெயருக்கு மாற்ற நானே உடன் போனேன். வேலை முடிந்து திரும்பும்போது, மாமியார் பக்கத்தில் சரிசமமாக உட்காரக் கூச்சப்பட்டுப் பின்கதவைத் திறந்தேன்.

"முன்னாடி வாங்க மாப்பிள்ளை. நான் என்ன டாக்ஸியா ஓட்டறேன்?"

உட்கார்ந்தேன். தெருமுனையில் அவர் கியரை மாற்றினார். பிறகு சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பக்கத்துல உக்காந்தவன் பொழைச்சான்னு சொன்னாரே, அது பொய்யாத்தான் இருக்கும். என்னை ஏத்தறதுக்காகச் சொல்லியிருப்பாரு."

மாமனாரின் பத்திரிகைகள் இப்போது என் அலமாரியில்தான் இருக்கின்றன. எந்தக் காகிதத்தையும் மூலத்தோடு ஒப்பிடாமல் கையெழுத்துப் போட்டதில்லை நான். அந்த ஒன்றை மட்டும் இன்றுவரை சரிபார்க்கவில்லை.