டாக்டர் குணசீலனும் ‘ஏன் மறுக்கிறீர்கள்?’ பெட்டியும்

டாக்டர் குணசீலன் போய்விட்டார். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது போன் வந்தது. தூக்கத்திலேயே...

சிதம்பரத்தில் நான் கம்ப்யூட்டர் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியில் அவர்தான் பெரிய டாக்டர். அழுதுகொண்டேதான் டைப் செய்கிறேன். ஆனால் அவரை நினைத்தால் சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

எங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் வந்தது. நோயாளிக்கு என்னென்ன தொந்தரவு என்று போட்டால், என்ன நோயாக இருக்கலாம், என்ன டெஸ்ட் எடுக்கலாம் என்று யோசனை சொல்லும். டாக்டர் அதை ஏற்காவிட்டால் ‘ஏன் மறுக்கிறீர்கள்?’ என்று ஒரு பெட்டி திறக்கும்.

மற்ற டாக்டர்கள் அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் உட்கார்ந்து, ஒற்றை விரலால், தமிழில் பதில் எழுதுவார்.

தலைசுற்றல் என்று வந்த ஒரு அம்மாவுக்கு அது ஆறு டெஸ்ட் கேட்டது. இவர் எழுதியது: “இன்னிக்குக் கிருத்திகை. அந்தம்மா காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல.”

தோள்வலிக்கு எக்ஸ்ரே கேட்டது. “நேத்து தேர் வடம் புடிச்ச ஆளு. வலிக்காம என்ன பண்ணும்?”

வாரக் கடைசியில் அதையெல்லாம் தொகுத்து அனுப்புவது என் வேலை. தனியாக உட்கார்ந்து சிரிப்பேன்.

அப்புறம் என் வீட்டுக்காரருக்கே காய்ச்சல். குமராட்சியில் எங்கள் நிலத்தில் புதர் வெட்டிவிட்டு வந்தவர். ஐந்து நாளாக இறங்கவில்லை, எங்கள் வார்டிலேயே சேர்த்தோம். ஆறாம் நாள் பிதற்ற ஆரம்பித்தார். கம்ப்யூட்டருக்கு ஓடினேன்.

ஸ்கிரீனைத் திறந்தேன். ‘உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதர்ப் பூச்சி கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பாருங்கள்’ என்று இருந்தது. டாக்டர் மறுத்திருந்தார். “பாத்துட்டேன். இல்ல. சாதா வைரல்தான்.”

அவரிடம் போய் நின்றேன். “சார்... இன்னொரு தடவ பாக்குறீங்களா?”

“ஏம்மா, நீயும் அந்தப் பொட்டி கட்சியா?” என்று முறைத்தார். ஆனாலும் எழுந்து வந்தார்.

அக்குள், முதுகு, தொடை... எதுவும் இல்லை. கடைசியாக அரைஞாண் கயிற்றை விரலால் நகர்த்தினார். அடியில், சிகரெட்டால் சுட்ட மாதிரி சின்னதாக ஒரு கருப்புப் பொருக்கு.

“கவுத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கு பாரு” என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. தோற்றுப்போன ஆள் மாதிரியே தெரியவில்லை.

உடனே மருந்தை மாற்றினார். ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூணாம் நாள் என் வீட்டுக்காரர் பரோட்டா கேட்டார்.

அந்த வாரம் பெட்டியில் இப்படி இருந்தது: “மன்னிச்சுக்க. நீ சொன்னதுதான் சரி. நான் கயிறத் தூக்கிப் பாக்கல.”

அதற்காக அது சொன்னதற்கெல்லாம் தலையாட்டவும் இல்லை. சண்டை ஜாஸ்திதான் ஆனது. மறுப்பதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை எழுந்து போய் நோயாளியைப் பார்த்துவிட்டு வருவார்.

இன்று சாயங்காலம் எடுத்தார்கள். வேலை பார்க்கும் கடலூர் சிப்காட் கம்பெனியில் ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தார் என் வீட்டுக்காரர். டாக்டரின் பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் தோள் கொடுத்தார்.

போயிட்டு வாங்க சார்.