கோபுரம் போட்ட ஹேண்ட்பேக்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் ஜெயசுதாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் தைத்த ஹேண்ட்பேக்கை யாராவது ஒருத்தி தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஜாக்கெட் தைத்துத் தைத்துச் சலித்துப்போனவள் அவள். ஒரு நாள் கங்கைகொண்ட சோழபுரம் போனபோது கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். போனில் படமெடுத்து வந்து, கறுப்புத் துணியில் மஞ்சள் நூலால் அடுக்கடுக்காக எம்பிராய்டரி போட்டுவிட்டாள். ஜிப்புக்குக் கீழே கலசம், பையின் அடியில் அடித்தளம். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பைகள் அமோகமாக விற்றன.

ஆனால் ஊரில் ஒரு தோளிலும் அந்தப் பையைக் காணோம். முதல் பையை வாங்கிய வளர்மதி டீச்சரை ஜெயசுதா வழியிலேயே மடக்கினாள். டீச்சர் தோளில் ஏதோ நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த பை தொங்கியது.

"நம்ம பை என்னாச்சுங்க டீச்சர்?"

"சாமி ரூம்ல மாட்டியிருக்கேன் சுதா. வெள்ளிக்கிழமையானா பொட்டு வெச்சிடுவேன். கோபுரம் போட்டதப் போயி பஸ்ல கீழ வெக்க முடியுமா? யாரு காலாவது பட்டுட்டா?"

விசாரித்தால் எல்லா வீட்டிலும் இதே கதை. சீப்பும் மாத்திரையும் கிடக்க வேண்டிய பைக்குள் விபூதியும் கற்பூரமும் குடியேறியிருந்தன. இன்னும் கொஞ்சம் விட்டால் கும்பாபிஷேகமே நடத்திவிடுவார்கள்!

சரி, கோபுரம்தானே வம்பு என்று அடுத்து யாளியைப் போட்டாள். அதைத் திருஷ்டிக்கு நல்லது என்று நிலைவாசலில் தொங்கவிட்டார்கள், கூடவே ஓர் எலுமிச்சம்பழத்தையும் கட்டி.

"இந்த சனங்களுக்கு ஃபேஷன்னா என்னன்னே தெரியலங்க. நானே மாட்டிக் காட்டுறேன்" என்று புருஷன் ராஜவேலிடம் பொரிந்து தள்ளினாள்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை கோபுரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராஜவேலோடு கடைவீதியில் நடந்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெருமை தாங்கவில்லை. அப்படியே இருவரும் கறிக்கடைக்குள் நுழைந்தார்கள். ராஜவேல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பையத் தொற, போட்டுக்கலாம்" என்றான்.

ஜெயசுதா துள்ளிப் பின்னால் நகர்ந்தாள். பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, கிட்ட கொண்டாராதீங்க! கோபுரங்க!"

வீடு திரும்பும்போது அவள் பையோடு முன்னால் நடந்தாள். அவன் கறியோடு ரொம்பவே தள்ளிப் பின்னால் வந்தான். அன்று சாயங்காலம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ராஜவேல் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தான்.