ஊற்றுவழியில் ஷெர்காஸியின் கட்டை

எங்கள் ஊரில் ஷெர்காஸி அண்ணனை நலம் விசாரிக்கிறவர்கள் குறைவு, திட்டுகிறவர்கள்தான் அதிகம். நானும் திட்டியிருக்கிறேன். வீட்டில் இரண்டு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுத்தான் பிழைக்கிறேன், நான் மட்டும் என்ன மகானா?

மலையேறும் வழியில், ஊற்றுப் புல்வெளி தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டை. அதைக் காவல் காப்பதுதான் அவர் வேலை. வண்டிகள் கீழேயே நிற்க வேண்டும். மேலே போகிறவர்கள் நடந்தோ குதிரையிலோ போகலாம். கட்டையைப் போட்டது அவரில்லை, ஊர் கூடிப் போட்டது. ஒரு கோடையில் வண்டிகள் ஊற்றின் சேற்றிலேயே நின்று எண்ணெய் ஒழுகி, அங்கிருந்து ஊருக்கு வரும் எங்கள் வாய்க்கால் தண்ணீரில் போட்ட தேநீர் டீசல் நாற்றம் அடித்தது. அன்றைக்கு எல்லோரும் கட்டை போடு, கட்டை போடு என்று கத்தினோம். தண்ணீர் தெளிந்ததும் மறந்துவிட்டோம். அவர் மறக்கவில்லை. அதனால் அவருக்குப் பிடிவாதக்காரர் என்று பெயர். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் மாஸ்கோவில். மிச்சமிருந்தது தம்பி குபான் ஒருவன்தான். அவனை முதன்முதலில் குதிரையில் ஏற்றி உட்காரவைத்ததே இவர்தான். புல்வெளிக்கு மேலே கம்பளிக் கூடாரங்கள் போட்டு விருந்தாளிகளைத் தங்கவைப்பது குபானின் தொழில். ஒரு மழைநாளில் ஆட்களோடு வந்த அவன் வண்டியை இவர் மறித்துவிட்டார்.

"கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்க மாட்டீங்களாண்ணே?"

"நீ என் தம்பின்னு உன் வண்டிச் சக்கரத்துக்குத் தெரியுமாடா?"

அதோடு பேச்சு நின்றது. பெருநாளுக்குக்கூட அவன் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. அவர் தனியாகச் சமைத்து, கட்டையடியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவதைப் பார்ப்பேன். பார்த்தும் நிற்காமல் நடந்துவிடுவேன்.

இந்தக் கோடையில் குபான் புதுக் கூடாரத்துக்கு விருந்து வைத்தான். அண்ணனைத் தேடிப் போய் அழைத்தும் வந்தான். அவர் இஸ்திரி போட்ட சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக வந்து உட்கார்ந்தார். அவித்த ஆட்டுத்தலையைத் தட்டோடு அவர் முன்னால் வைத்தான் தம்பி. மூத்தவருக்குத்தான் தலை. காதை அறுத்துக் குபானின் சின்ன மகளுக்குக் கொடுத்தார். பிறகு கண்ணை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். யாரை அடிக்கடி பார்க்க ஆசையோ அவருக்குத்தான் கண்ணைக் கொடுப்போம். குபான் வாங்கித் தின்றான். பெண்கள் பக்கத்தில் இருந்த நான் அழுதேவிட்டேன்.

சாப்பாடு முடிந்து ஆசி சொல்லும் நேரம். எல்லோரும் கையேந்தினோம்.

"அண்ணே, வண்டியெல்லாம் நேரா இந்தக் கூடார வாசலுக்கே வரணும்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லுங்க" என்றான் குபான்.

விருந்து எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. பெரியவர் ஆசி சொல்லி, எல்லோரும் 'ஓமின்', அதாவது அப்படியே ஆகட்டும் என்று ஏந்திய கையால் முகத்தைத் தடவிக்கொண்டால் அது முடிந்த பேச்சு. கட்டையைப் பிடுங்கிவிடலாம். ஏந்திய கையோடு ஷெர்காஸி அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார்.

"உன் கூடாரம் நெறையட்டும். உன் ஆடு பெருகட்டும். உன் புள்ளைக நல்ல தண்ணி குடிக்கட்டும். வர்ற விருந்தாளியெல்லாம்..." கீழே கட்டை இருக்கும் திசையைப் பார்த்தார். "...நல்ல காலோட வரட்டும். நடந்தே வரட்டும். ஓமின்!"

பழக்க தோஷம், அத்தனை பேரும் "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டோம். குபானும்தான். தடவி முடித்த பிறகுதான் அவன் முகம் கறுத்தது.

"வயித்துல அடிச்சிட்டீங்களேண்ணே" என்றான்.

"அந்த வயித்துல ஊத்துத் தண்ணிய ஊத்திப் பாரு, தெரியும்" என்றார் அவர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். யாரும் அவருக்குக் குதிரை கொண்டுவரவில்லை. தனியாகவே இறங்கிப் போனார்.

அதன்பிறகு கட்டையில் யாரும் கைவைக்கவில்லை. குபானும் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, தினமும் காலையில் ஆட்களை நடத்தியே கூட்டிப்போகிறான். கண்ணைத் தின்றவன் அல்லவா, தினமும் வருகிறான். நடந்து போகிறவர்களுக்குக் கட்டையைத் தூக்க வேண்டியதே இல்லை, ஓரமாகப் போய்விடலாம். ஆனாலும் தம்பி தலை தெரிந்ததும் ஷெர்காஸி அண்ணன் எழுந்து, கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

குபான் அவரைப் பார்க்காமல், ஓரமாகவே போவான்.