துணைக்கு வருபவருக்கு இலவசம்

"…அதெல்லாம் சரி பாப்பா, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இதுல உக்காந்துக்கிட்டு இருந்தாத்தான் நான் உங்களோட இருக்க முடியுமா?" என்று கேட்டார் அப்பா.

சிகாகோவில் ஆற்றங்கரை. படகுச் சவாரிக்கு டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தோம். அதுவரை சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, எழுந்து அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலில் ஒரு கோளாறும் கிடையாது. எழுபத்து மூன்று வயதில், தினமும் விடிந்ததும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு நடந்தே திரும்புகிற மனிதர். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நான் ஒரே பெண். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு போனில் "என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் "வயித்துக்குள்ள ஏதோ போட்டேன்" என்பார். என்ன போட்டார் என்று சொல்ல மாட்டார். ஒருநாள் அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். நான் அமெரிக்காவில், நியூஜெர்சியின் ஐசலின் என்ற ஊரில் மளிகைக் கடைக் கல்லாவில் வேலை செய்கிறேன். போன் வந்தபோது எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கையில் ஒரு கொத்தமல்லிக் கட்டு. அதற்கு என்ன விலை அடிப்பது என்று எனக்கு மறந்துபோய்விட்டது.

போன வருடம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அது கையில் வந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: அப்பாவுக்கு கிரீன் கார்டு வாங்கி என்னோடு வைத்துக்கொள்வது. அவர் ஆறு மாதம் இருந்து பார்ப்பதற்காக ஜூனில் வந்தார். படிவங்களை அச்செடுத்து, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டி, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். "கையெழுத்துதானே, போட்டாப் போச்சு" என்பார். ஊறுகாய் எடுக்கும்போதெல்லாம் பாட்டிலைத் தூக்குவார், எடுத்துக்கொள்வார், திரும்பத் தாள்களின் மேலேயே வைத்துவிடுவார்.

மனிதர்கள் போகிறபோக்கில் சொல்லும் வார்த்தைகளை நான் மறப்பதே இல்லை. படித்தது கொஞ்சம்தான், பேசிப் பேசிக் கற்றுக்கொண்டதே அதிகம் என்பதாலோ என்னவோ. அப்பா வந்த முதல் மாதத்தில் சொன்னது இது. மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் குடியிருப்பைச் சுற்றி அவர் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண் காரை நிறுத்தி, உங்களுக்கு உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னார்: "பாப்பா, உங்க ஊர்ல நடந்து போறவனைப் பாத்தா வழி தப்பினவன்னு நெனைக்கறாங்க." நானும் என் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. "பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று கேட்டார். எங்கள் தெருவுக்குப் பஸ் கிடையாது.

அதனால்தான் சிகாகோ. ரயிலும் பஸ்ஸும் சனக்கூட்டமுமாக ஒரு பெரிய நகரத்தைப் பார்த்தால் அவருக்கு இந்த நாடு பிடித்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். நியூயார்க் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே முதலிலேயே கூட்டிப்போய்விட்டோம். அன்று ஒரே மழை. "எல்லாரும் சண்டைக்குப் போறாப்பல நடக்கறாங்க" என்று அரை நாளில் திரும்பிவிட்டார்.

எங்களுக்கு எதிர் வீட்டில் ஒரு அண்ணா இருக்கிறார். நல்ல வேலை, பெரிய சம்பளம். ஆனால் செலவைக் குறைப்பது என்று வந்துவிட்டால் அவர் முகத்தில் தனி ஒளி வந்துவிடும். செப்டம்பரில் மூன்று குடும்பமாகச் சிகாகோ போகலாம் என்றார். அவர்கள் நான்கு பேர், அவருடைய நண்பர் குடும்பம் நான்கு பேர், நாங்கள் மூன்று பேர். "நம்மால முடியுமா?" என்று என் கணவர் என்னைப் பார்த்தார். முடியாது என்று இருவருக்கும் தெரியும். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனே இன்னும் அடைபடவில்லை.

"முடியற மாதிரி நான் பண்றேன்" என்றார் அண்ணா. "ஃப்ளைட்டெல்லாம் ஒரு செலவே இல்லம்மா. எறங்கின பிறகு பசிக்குது பாரு, அதுதான் செலவு."

ஆகவே புளியோதரை, சப்பாத்தி, தேங்காய்ப் பொடி, ஒரு ரைஸ் குக்கர். எட்டுப் பேருக்கான வாடகை வீட்டில் பதினோரு பேர். வாசலில் கேமரா இருந்ததால் இரண்டிரண்டு பேராக, நேரம் விட்டு உள்ளே போனோம். "சிரிச்ச மூஞ்சியாப் போங்க, திருட்டு முழி முழிக்காதீங்க" என்றார் அண்ணா. அவர் மனைவி, "இந்த மனுஷன் சொர்க்கத்துக்குப் போனாலும் குரூப் டிஸ்கவுண்ட் கேப்பாரு" என்றார்.

நாற்காலி யோசனை மட்டும் என்னுடையது. ஊரிலிருந்து பெற்றவர்களை வரவழைக்கும் எங்களில் பாதிப் பேர் விமானத்தில் வீல்சேர் கேட்டுவிடுவோம். நடக்க முடியாததால் இல்லை. ஆங்கிலம் தெரியாதவர்களை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிடுவார், தொலைந்துபோக மாட்டார்கள். அப்பாவும் நூவர்க் விமான நிலையத்தில் அப்படித்தான் வந்து இறங்கினார். தள்ளிக்கொண்டு வந்தவருக்கு அப்பாவைவிட வயது அதிகம் இருக்கும். அப்பா அந்த மனிதரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கூனிக் குறுகி உட்கார்ந்து வந்தார்.

பயணத்துக்குத் திட்டம் போட்ட அன்று, அண்ணா வீட்டில் தோசை சாப்பிட்டபடி, "அப்பாவுக்கு வீல்சேர் இருந்தா எல்லா எடத்துலயும் சைடுல விட்டுருவாங்க இல்ல?" என்றேன். விளையாட்டாகத்தான் வாயில் வந்தது. அண்ணா தோசையை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். சில இடங்களில் நாற்காலியில் வருபவரின் துணைக்கு ஒருவருக்கு இலவசம். வரிசையைத் தாண்டிப் போகத் தனியாக விற்கும் விலை உயர்ந்த டிக்கெட் பதினோரு பேருக்கும் தேவையில்லை. அவர் அதைச் சொன்னபோது எனக்கு வெட்கத்துக்கு முன்னால் நிம்மதி வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் ஆகிக் குணமான ஒரு ஆன்ட்டியிடம் மடக்கிவைக்கும் சக்கர நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது, வாங்கி வந்தோம்.

"எதுக்கு பாப்பா இது?" என்றார் அப்பா.

"நிறைய நடக்கணும்ப்பா. கால் வலிக்கும்."

"எனக்கா?" என்றார். பிறகு, "சரி, நீ சொன்னா சரி" என்றார்.

முதல் நாள் மீன் காட்சிசாலை. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தாத்தாவைத் தள்ளினார்கள். அப்பாவும் உற்சாகமாகத்தான் இருந்தார். "ரைட், ரைட்! வளைவுல வேகமாப் போகாத. எறங்கறவங்க எறங்கிட்டாங்களா?" என்று குரல் கொடுத்தார். அண்ணாவின் பதினாறு வயது மகள் மட்டும் தள்ள வரவில்லை. "டாட், ஹி கேன் வாக். திஸ் இஸ் நாட் ஓகே" என்று அவள் சொல்ல, அண்ணா, "காலேஜ் ஃபீஸ் நீயே கட்டிக்கறியாம்மா?" என்றார்.

வாசலில் பக்கவழியாக எங்களை விட்டார்கள். அப்பா திரும்பித் திரும்பி எல்லோர் கையையும் பார்த்தார். முப்பத்தோரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் தலை எண்ணியவர்.

"பதினோரு பேரு. பத்து டிக்கெட்தானே இருக்கு?"

"உங்களுக்குத் துணைக்கு வர்றவங்களுக்கு ஃப்ரீப்பா. அது நான்."

"எனக்கு எதுக்குத் தொணை?"

நான் திமிங்கிலம் இருக்கும் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்த கோடையில், அம்மாவும் நானும் அவர் பஸ்ஸிலேயே ஏறினோம். அம்மா அரை டிக்கெட் கேட்டாள். அப்பா என்னைப் படிக்குப் பக்கத்தில் உயரம் குறித்திருந்த கோட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டு, முழு டிக்கெட் கிழித்து, காசைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தோல்பையில் போட்டார். பஸ்ஸே சிரித்தது. அம்மா வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை. இதெல்லாம் தெரிந்துதான், தெரிந்த அந்த மனிதரைத்தான், நான் தள்ளிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அப்பா சட்டை மாட்டி, தலை சீவி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. முந்தின நாள் போட்ட சத்தம் எதுவும் இல்லை. காலை எடுத்து மிதிபலகையில் வைக்கச் சொன்னால் வைத்தார். "டீ வேணுமாப்பா?" என்றால், "குடுத்தாக் குடிக்கறேன்" என்றார். என் வீட்டிலும் கொஞ்ச நாளாக அவர் பதில்கள் எல்லாம் இப்படித்தான் ஆகியிருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததை உதறிவிட்டு நாற்காலியைத் தள்ளினேன். டிக்கெட் வாங்கியாயிற்று, எல்லோரும் காத்திருந்தார்கள்.

அன்று உயரமான கட்டடம் ஒன்று. உச்சியிலிருந்து நகரம் முழுக்கத் தெரியும். வரிசை தெருமுனையைச் சுற்றி நின்றது. எங்களைப் பக்கத்துக் கதவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு லிஃப்ட். ஒருமுறைக்கு ஒரு நாற்காலியையும் அதோடு வருபவர்களையும்தான் ஏற்றுவார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நாற்காலியில் காத்திருந்தார். பின்னால் நின்ற அவருடைய வீட்டுக்காரருக்கும் வயதாகியிருந்தது.

சீருடைப் பெண் ஒருத்தி அப்பாவின் உயரத்துக்குக் குனிந்து, அவரால் கொஞ்ச நேரமாவது நிற்க முடியுமா என்று கேட்டாள். அவருக்குப் புரியாது என்று என்னைப் பார்த்தாள்.

"நோ. ஹி கேன்னாட் வாக்" என்றேன்.

அந்த அளவு ஆங்கிலம் அப்பாவுக்குத் தெரியும்.

அவர் தலை தொங்கியது. அதைப் பார்த்த அந்த அம்மா என்ன நினைத்தாரோ, கையை அசைத்து, "யூ கோ அஹெட், ஹனி" என்றார். அண்ணா நன்றி சொல்லிக்கொண்டே எல்லோரையும் லிஃப்டுக்குள் அழைத்தார். கதவு மூடும்போது அந்த அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

மேலே பிள்ளைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கத்தினார்கள். ஏரி கடல் மாதிரி கிடந்தது. அப்பாவைக் கண்ணாடி ஓரமாக நிறுத்தி, "கீழ பாருங்கப்பா, பஸ்ஸு! எத்தனை பஸ்ஸு பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மளிகைக் கடையில் அழுகிற குழந்தைக்குப் பிஸ்கட் காட்டும் குரல் அது.

அவர் கீழே பார்க்கவில்லை. "அந்தம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டார். லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அந்த அம்மா வந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்பா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா அதை வணக்கம் என்று நினைத்துத் தானும் கையைக் குவித்தார்.

அங்கிருந்துதான் ஆற்றங்கரைக்கு வந்தோம். படகிலும் துணைக்கு வருபவருக்கு இலவசம் என்று அண்ணா விசாரித்து வந்துவிட்டார். மற்றவர்கள் டிக்கெட்டோடு படகுக்குப் போய்விட்டார்கள். சரிவுப்பாதையில் இறக்குவதற்காக நான் நாற்காலியைத் திருப்பியபோதுதான் அப்பா எழுந்தார்.

அண்ணா பதறிக்கொண்டு ஓடிவந்தார். "அங்கிள், ரெண்டே நிமிஷம் உக்காருங்க. டிக்கெட் கூண்டுல இருக்கற ஆளு பாக்கறான்."

"பாக்கட்டும் தம்பி. அது அவர் வேலை."

"உக்காருங்கப்பா, ப்ளீஸ். படகு கெளம்பிரும். நாளைலேருந்து வேணாம், சரியா?" என்றேன். அதற்குத்தான் அப்பா, இதில் உட்கார்ந்திருந்தால்தான் உங்களோடு இருக்க முடியுமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றேன்.

அவருக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீ கஷ்டப்படறது எனக்குத் தெரியாம இல்ல. எனக்காகத்தான் செலவு பண்ற. ஆனா எழுந்திரிக்க முடியாதவன்னு சொல்லிட்டா, அப்பறம் அப்படியே ஆயிருவேன் பாப்பா. காலைல நானா போயி அதுல உக்காந்தேன் பாத்தியா, எனக்கே பயமாப் போச்சு. மேஜை மேல இருக்கற அந்தக் காகிதத்தை எடுத்து வெச்சிரு. கையெழுத்து வேணாம். என்னை ஊருக்கு அனுப்பிரு."

"அங்க யாருப்பா இருக்காங்க?"

"யாரும் இல்லதான்."

"அடுப்பை மறந்துட்டுப் போறீங்கப்பா." அண்ணா வேறு பக்கம் பார்த்தார். "ஏதாவது ஆச்சுன்னா நான் வந்து சேர ரெண்டு நாள் ஆகும்ப்பா."

"தெரியும்" என்றார்.

தெரியும் என்றுதான் சொன்னார். கீழே படகில் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். என் கணவர் எழுந்து நின்று, என்ன ஆயிற்று என்று கையாலேயே கேட்டார்.

அப்பா தோளில் மாட்டியிருந்த புளியோதரைப் பையை நாற்காலியில் வைத்தார். சரிவில் உருண்டு போய்விடாமல் இருக்கக் குனிந்து அதன் பிரேக்கை இழுத்துவிட்டார். கைச்செலவுக்கு என்று நான் கொடுத்து, அவர் ஒரு டாலர்கூட எடுக்காமல் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பணத்தைப் பிரித்தார். பிறகு டிக்கெட் கூண்டுக்கு முன்னால் நின்ற நீளமான வரிசையின் ஓரமாகவே நடந்துபோய், அதன் கடைசியில், கைக்குழந்தையோடு நின்ற ஒருவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.