மோட்டார் ரூம் சாவி

போன சனிக்கிழமை மறைமலை நகரில் ஒரு குடியிருப்போர் கூட்டம். கோடை வந்துவிட்டதே, தண்ணீரையும் கரன்ட்டையும் மிச்சம் பிடிப்பது எப்படி என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தப் பத்தியில் நான் அடிக்கடி குழாய், வாஷர் என்று எழுதுவதால் வந்த வினை.

நன்றாகவே பேசினேன். ஃப்ளஷ் டேங்க்கில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடுங்கள், தண்ணீர் விடாமலே கீழே மஞ்சள் தெரிந்தால் உள்ளே ஒழுகுகிறது என்று அர்த்தம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். மாதம் ஒரு தடவையாவது மொட்டை மாடிக்கு ஏறி, டேங்க்கை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்...

முன் வரிசையில் இரண்டு பேர் குறிப்புகூட எடுத்தார்கள். விடுவேனா?

"எங்க பில்டிங்கில் மோட்டார் ரூமையே பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை... அவ்வளவுதான்!"

இருப்பதிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பேச்சு முடிந்து, சைலன்ட்டில் போட்டிருந்த போனை எடுத்தால் — திரை முழுக்க மிஸ்டு கால். எல்லாம் என் மனைவி சாந்தி. கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க? டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. மூணாவது மாடி பொன்செல்விய கொழந்தையோட டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டினு வந்துட்டாங்க. சாவி எங்கங்க?"

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரகடம் பக்கத்தில் லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் கம்பெனி வேலைக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள். சங்கத்துக்கு நான் செயலாளர். பொது மீட்டரின் பில் எகிறியதும், யாரோ தண்ணீரைக் கொட்டித் தீர்க்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். விசாரணை கிடையாது, நேராகத் தீர்ப்பு — பூட்டு.

இன்னொரு சாவி தன்னிடம் இருக்கட்டும் என்று சாந்தி அப்போதே கேட்டாள்.

"உங்கிட்ட குடுத்தா, யார் கேட்டாலும் தூக்கிக் குடுத்துடுவ" என்றேன்.

பொன்செல்விக்கு இது முதல் பிரசவம். கணவர் இசக்கி தென்காசிப் பக்கத்துக்காரர், இங்கே உதிரிபாகக் கம்பெனியில் லைன் வேலை. திங்கட்கிழமைதான் அனுப்புவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமையே அனுப்பிவிட்டார்கள். மனைவியையும் மாமியாரையும் மாடியில் விட்டுவிட்டு இசக்கி செகண்ட் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆக, அவரையும் பிடிக்க முடியாது.

அன்று காலை கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், டேங்க் நிறைவதற்குள் மோட்டாரை நிறுத்திவிட்டேன். ஒரு நாள்தானே, சமாளித்துக்கொள்ள மாட்டார்களா?

சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். மாடிப்படி முழுக்க ஈரம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சாந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி பக்கெட், முட்டியில் ஒரு கை. புடவையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. மோட்டார் எப்போது ஓடும் என்று தெரிந்தவன் வீடல்லவா? முட்டி வலிக்காரி அதிலிருந்துதான் மொண்டு மொண்டு மேலே தூக்கிப்போயிருக்கிறாள். டிரம்மும் தீர்ந்துவிட்டது.

இரண்டாவது மாடி குமாரி கதவைத் திறந்தார். வடக்குப்பட்டுக்காரர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

"இன்னா சார், போன எட்க்க மாட்டீங்களா? பூட்ட ஒடைக்க நான் கல்ல எட்துகினு எறங்கிட்டேன். மேல் வூட்டு அம்மாதான் கைய புட்சிகினு வாணாம் வாணாம்னுச்சு."

இறங்கிப்போய் மோட்டாரைப் போட்டேன். பிறகு மூன்றாவது மாடி ஏறினேன். போகாமல் இருந்துவிடலாமா என்று படியில் ஒரு கணம் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பாத்ரூம் வாசலில் குழந்தைத் துணிகள் குவிந்து கிடந்தன. அறையில் நெடி. கட்டிலில் பொன்செல்வி, வியர்வையில் நனைந்த அதே ஆஸ்பத்திரி நைட்டியோடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், உடம்பைக் கழுவக்கூட வழியில்லாமல் அந்த வெயிலில் மத்தியானம் முழுக்கக் கிடந்திருக்கிறாள். சாந்தி தூக்கிப்போன தண்ணீர் குழந்தைக்கும் கக்கூஸுக்குமே சரியாகப் போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட வேண்டியவன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன் அவளுடைய அம்மாவிடம்.

"ஐயையோ, நீங்க போயி அப்படிச் சொல்லலாமா ஸார்? பூட்ட ஒடச்சா கோவப்படுவீகளோன்னு பயந்துட்டேன். வீட்டக் காலி பண்ணுன்னுட்டீகன்னா, பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு நாங்க எங்க போவோம்?"

வீட்டைக் காலி செய்யச் சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது. நான் வெறும் செயலாளர். ஆனால் அந்த அம்மாவுக்கு அப்படித் தோன்றும்படி நடந்துகொண்டிருக்கிறேன், இல்லையா? படியில் என்னைக் கண்டால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்...

பாத்ரூம் குழாய் முதலில் காற்றாகச் சீறி, பிறகு தண்ணீராகக் கொட்டியது. "அம்மா, தண்ணி!" என்றாள் பொன்செல்வி, சுவரைப் பார்த்தபடியே. நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பூட்டைக் கழற்றினேன். மறுநாள் காலை மொட்டை மாடிக்கு ஏறினேன் — ஊருக்கெல்லாம் சொல்கிறவன், பல மாதங்களுக்குப் பிறகு.

டேங்க்குக்குக் கீழே, தண்ணீர் இறங்கும் குழாயின் கேட் வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் பாசி. தண்ணீர் மெல்லிசாக ஓடி, மழைநீர்க் குழாய்க்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. யாரும் தண்ணீரைக் கொட்டித் தீர்க்கவில்லை. நான் சந்தேகப்படாத முகமே அந்தக் கட்டடத்தில் இல்லை... வால்வைத் தவிர.

பிளம்பர் வந்து காபி ஆறுவதற்குள் மாற்றிவிட்டார். டேங்க் நிறைந்தால் மோட்டார் தானாக நின்று, குறைந்தால் தானாக ஓடும் ஆட்டோமேட்டிக் சுவிட்சையும் மாட்டச் சொன்னேன். இந்த ஏற்பாட்டை இதே பத்தியில் நானே சிபாரிசு செய்திருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் மட்டும் ஏன் மாட்டவில்லை? மாட்டினால் செயலாளருக்கு என்ன வேலை?

"மூணு மாடிக்கும் போயி நீங்களே சொல்லிட்டு வாங்க" என்றாள் சாந்தி, முட்டியில் தைலம் தடவிக்கொண்டே. போனேன். வால்வுதான் ஒழுகியது, உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னேன். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. குமாரி மட்டுமாவது திட்டியிருக்கலாம். "வுடுங்க சார்" என்றுவிட்டார்.

அன்று இசக்கி வீட்டில் இல்லை, டூட்டிக்குப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்துப் படியில் எதிரே வந்தார், யூனிஃபார்மில், ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஒதுங்கி நின்றார்.

"ஸார்... பிள்ளத் துணி நெறைய சேருது. மத்தியானம் ஒரு தடவ தொவச்சுக்கிடலாமா?"

"தம்பி, பூட்டையே எடுத்தாச்சே. மோட்டாரு இப்ப தானா ஓடுது."

"தெரியும் ஸார். இருந்தாலும் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்னு..."

"கேக்கவே வேணாம் தம்பி. எப்ப வேணாலும் தொவைங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தேங்க்ஸ் ஸார்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

அந்த தேங்க்ஸை எங்கே கொண்டுபோய் வைப்பது?