வேகவைத்த விதைகள்

என் தங்கச்சியை அவள் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில் விதை மிஸ் என்றுதான் குழந்தைகள் கூப்பிடும். அவள் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் பூசணிக்காய். "இன்னிக்கும் இதேதானா? நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்பார் என் வீட்டுக்காரர். "விதை எனக்கு, சதை உங்களுக்கு. நியாயமான பங்குதானே மாமா?" என்பாள் அவள்.

காயை வகுப்பில் வைத்துப் பிளந்து, பிள்ளைகளைக் கைவிட்டு அள்ளச் சொல்வாள். சிலது "ச்சீ" என்று ஓடும், சிலது முழங்கை வரை விடும். விதைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் வேகவைப்பாள். அப்போதுதான் பூச்சி பிடிக்காது. பழைய படுக்கைவிரிப்பில் காயவைத்து, பாதிக்குச் சாயம் ஏற்றுவாள். எண்ணுவது, நிறம் பிரிப்பது, கோட்டின்மேல் அடுக்கி எழுத்துப் பழகுவது எல்லாம் அதில்தான். அழுமூஞ்சி என்று நான் பெயர் வைத்த ஒரு பெண்குழந்தை, காலையில் அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று கத்தும். கைநிறைய விதை கொடுத்தால் அடங்கிவிடும். வாயிலோ மூக்கிலோ ஒன்று போய்விடுமோ என்று இவள் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இத்தனைக்கும் அவள் வெறும் துணை ஆசிரியை. வகுப்பு ஆசிரியை விலகிய பிறகு மொத்த வகுப்பையும் இவள்தான் மேய்த்தாள். "பெற்றோர் தினம் நல்லபடியா முடியட்டும், கிளாஸ் உங்களுக்குத்தான்" என்று பள்ளி நடத்தும் மேடம் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நம்பி இவள் கால் தரையில் பாவவில்லை.

இவள் காய்ச்சலில் படுத்திருந்த சமயம், மேடத்துக்கு ஒரு யோசனை உதித்தது. ஆளுக்கொரு தொட்டி, அதில் பிள்ளை கையால் நட்ட பூசணிச் செடி. பெற்றோர் வந்து பார்த்து மயங்க வேண்டும். அலமாரியில்தான் டப்பா நிறைய சாயம் ஏற்றாத விதை இருக்கிறதே! எடுத்து நடவைத்து, போட்டோ பிடித்து எல்லார் வீட்டுக்கும் அனுப்பியாயிற்று.

திரும்பி வந்தவள் தொட்டிகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"மேடம், இது வேகவச்ச விதை. முளைக்காது."

"அப்படியா? சரி விடுங்க, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம், விழாவன்று காலை தொட்டிதோறும் நர்சரியில் வாங்கிய நாற்று. பிள்ளைகள் இவளைச் சூழ்ந்துகொண்டன. "மிஸ், நேத்து இல்லையே, எப்படி வந்துச்சு?" பாவி மகள், மந்திரம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மண்ணைக் கிளறி அழுகிய விதையை எடுத்துக் காட்டி, "நாம போட்டது வெந்த விதை, அதான் வரல. இது கடையில வாங்கினது" என்றாள். நாலு வயசுக்கு ரகசியம் தெரியுமா? அம்மாவைக் கண்டதும் அழுமூஞ்சி, "இது கடையில வாங்கினது!" என்று கூரை அதிர அறிவித்தது.

யாரோ சிரித்தார்கள். மேடம் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு, "எங்க மிஸ் தெரியாம வேகவச்ச விதையை நடக் கொடுத்துட்டாங்க. பிள்ளைங்க ஏமாறக் கூடாதேன்னு நான்தான் நாத்து வாங்கினேன்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை மைக் பிடித்துக்கொண்டே செய்தார். நான் அங்கே இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவள் வாயே திறக்கவில்லை. வகுப்பு கைக்கு வந்துவிடும் என்ற நப்பாசை.

வரவில்லை. "பேரன்ட்ஸ் கேக்கறாங்க, நான் என்ன பண்ண?" என்று மேடம் வகுப்பைப் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார். இவளை வாசல் அறையில் போன் எடுக்க உட்காரவைத்தார். "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், விட்டுட்டு வாடி" என்று கத்தினேன்.

"வேற எங்கக்கா போறது? இங்க இருந்தா பசங்க சத்தமாவது கேக்குது" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் தண்ணீர் குடிக்க வந்த அழுமூஞ்சி, அவள் மேசையருகே நின்றதாம்.

"மிஸ், வெந்த விதை ஏன் முளைக்காது?"

இப்படி ஒரு கேள்வி எந்தப் பிள்ளையாவது கேட்காதா என்று வருஷக்கணக்காய் ஏங்கியவள் அவள். எதிரே மேடத்தின் அறைக் கதவு திறந்திருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. உங்க மிஸ்ஸப் போய்க் கேளு" என்றாளாம்.